புகைப்படத்தில் தெரியாத மூக்கு

மூக்குச் சீரமைப்பு அறுவையைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் எல்லாம் முதலில் காட்டப்படுபவை அருகருகே ஒட்டிய இரண்டு படங்கள்: அறுவைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பக்கவாட்டில் எடுத்த முகம், ஒரே வெளிச்சம், ஒரே பின்னணி. ஒரு படத்தில் மேடாக இருந்த முகடு, அடுத்த படத்தில் வழுவழுவென இறங்கியிருக்கும். பார்ப்பவர் மனத்தில் எழும் கேள்வியும் ‘நன்றாக இருக்கிறதா?’ என்ற ஒன்றோடு நின்றுவிடும். அந்த மூக்கு வழியே காற்று எப்படிப் போய் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. படத்தில் அது தெரிவதும் இல்லை. என் தங்கையின் மூக்கு அப்படியொரு இணைப்படத்தில் மிக அழகாகவே இருந்தது. மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது என்று அவள் போய்ச் சொன்னபோது, அறுவை செய்த மருத்துவர் அந்தப் படத்தைத் திரையில் காட்டி, “நீங்கள் கேட்டது வடிவம், அது நன்றாகவே வந்திருக்கிறது, மூச்சு வேறு விஷயம், அதற்கு இ.என்.டி. மருத்துவரைப் பாருங்கள்” என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை. இருந்தும் அந்த ஒரு வாக்கியம் எனக்குள் இன்றுவரை செரிக்கவில்லை. வடிவம் ஒரு துறை, மூச்சு வேறு துறை என்று மூக்கை இப்படிப் பங்கு பிரிக்க முடியுமா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு, கிடைத்ததை எல்லாம் படித்து, கேட்க முடிந்தவர்களிடம் எல்லாம் கேட்டு, எனக்கு விளங்கியதை இங்கே எழுதுகிறேன்.

அழகுக்காக அறுவை செய்துகொள்வதை இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. என் தங்கைக்கு மூக்கின் நடுவே ஒரு மேடு இருந்தது. பக்கவாட்டில் யாராவது படம் எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எந்த அறைக்குள் நுழைந்தாலும் எல்லோருக்கும் நேராக முகம் தெரிகிற நாற்காலியைத் தேடுவாள். இத்தகைய ஒதுங்கலுக்கு மருத்துவம் செய்வது தகும் என்ற எண்ணம் இந்த அறுவையின் நவீன வரலாற்றோடு சேர்ந்தே பிறந்தது. அறுபட்ட மூக்கைச் சீரமைக்கும் முறையைப் பழங்காலத்திலேயே எழுதிவைத்த சுஸ்ருதர் கதை எல்லோரும் அறிந்தது, அதற்குள் போகவில்லை. 1898இல் பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற அறுவை மருத்துவர் ஓர் இளைஞரின் பெரிய மூக்கைச் சிறிதாக்கிவிட்டு, அங்கிருந்த மருத்துவர் சங்கத்தில் அதைப் பற்றிப் பேசினார். அவர் அழுத்திச் சொன்னது அந்த மனிதரின் மனச்சோர்வு நீங்கியதைத்தான்: இனி யாரும் உற்றுப் பார்க்காமல் தெருவில் நடக்க முடிகிறது என்பதையே அவர் அறுவையின் பெரும்பயனாகக் கருதினார். என் தங்கைக்கும் அந்தப் பயன் கிடைத்தது. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது.

வீக்கம் வடிந்த பிறகு

அறுவை முடிந்து ஒரு வாரம் போல மூக்கின்மேல் அச்சுக்கட்டு இருந்தது. அதை எடுத்த நாளில் முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே மஞ்சளும் ஊதாவுமாக இருந்தபோதும், கண்ணாடியில் பக்கவாட்டில் தன்னைப் பார்த்து அவள் சிரித்தாள். மூக்கு அடைப்பாக இருக்கிறது என்றாள். வீக்கம் வடியட்டும் என்றார்கள். அது சரியான பதில்தான். உள்ளே சவ்வு வீங்கியிருக்கும், பொருக்கு கட்டியிருக்கும், முதல் சில வாரங்களின் அடைப்பை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வெளி வீக்கத்தில் பெரும்பகுதி சில மாதங்களில் வடியும். நுனியின் வீக்கம் முழுவதும் அடங்க ஓராண்டோ அதற்கு மேலுமோ ஆகலாம். தோல் தடிமனாக இருந்தால் இன்னும் நீளும்.

ஆனால் இந்தக் காத்திருப்பில் ஒரு விபரீதமும் ஒளிந்திருக்கிறது. வீக்கம் இருக்கும்வரை அது உள்ளே வலுவிழந்த இடத்தின் பள்ளத்தை நிரப்பி வைத்திருக்கிறது. ஆகவே மூன்றாம் மாதத்தில் எடுக்கிற படம், மூன்றாம் ஆண்டில் எடுக்கும் படத்தைவிட நன்றாக இருக்க வாய்ப்புண்டு. தோலும் வடுத் திசுவும் சுருங்கச் சுருங்க, தாங்கு சக்தி இல்லாத குருத்தெலும்பு மெல்ல உள்ளே போகும். அறுவையின் விளைவு என்பது ஒரு நாளில் முடிந்துவிடுகிற காரியம் இல்லை. விளம்பரத்துக்கு எடுக்கும் படங்களில் பல, இந்த மாற்றம் முழுதாக வெளியே தெரியும் முன்னரே எடுத்து முடிக்கப்பட்டவை.

என் தங்கைக்கும் அப்படித்தான் ஆயிற்று. அடைப்பு குறைவதற்குப் பதிலாக வேறு விதமாக மாறியது. “சளி அடைச்ச மாதிரி இல்ல அக்கா, மூச்சை இழுத்தா உள்சுவர் ஒட்டிக்கிற மாதிரி இருக்கு” என்றாள். மெதுவாக இழுத்தால் ஓரளவு காற்று போகும். படியேறும்போது பலமாக இழுத்தால் சுத்தமாக நின்றுவிடும். இரவில் வாயைத் திறந்தபடி தூங்கி, வறண்ட நாக்கோடு எழுந்திருப்பாள். இதற்கிடையே ஒரு பழக்கமும் அவளிடம் ஒட்டிக்கொண்டது. படிக்கும்போதும் கணினியின் முன் இருக்கும்போதும் ஆள்காட்டி விரலை மூக்கை ஒட்டிய கன்னத்தில் வைத்து, காதுப்பக்கமாக லேசாக இழுத்துப் பிடித்திருப்பாள். ஆழ்ந்து யோசிக்கிறாள் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

முகட்டு வளையை எடுத்தால்

இந்த இடத்தில் மூக்கின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். மூக்கு முகட்டின் மேல் மூன்றில் ஒரு பங்குதான் எலும்பு. அதற்குக் கீழே குருத்தெலும்பு: நடுவில் செப்டம் என்னும் நடுச்சுவர், இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் மேல்பக்கக் குருத்தெலும்புகள். இம்மூன்றும் உச்சியில் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன. ஓட்டு வீட்டுக் கூரையில் முகட்டு வளை செய்கிற வேலையை இந்தப் பிணைப்பு செய்கிறது. மேடு என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த உச்சியின் உயரத்தைத்தான். அதைச் சீவி எடுக்கும்போது சரிவுகள் இரண்டும் நடுச்சுவரிலிருந்து விடுபட்டுவிடுகின்றன. அவற்றை மீண்டும் சரியாகப் பொருத்தாமல் விட்டால், காலப்போக்கில் இரண்டும் உள்ளே சாயும்.

சாய்வது ஓரிரு மில்லிமீட்டர்தான். ஆனால் சாயும் இடம் சாதாரணமான இடம் இல்லை. மேல்பக்கக் குருத்தெலும்பின் கீழ் விளிம்பும் நடுச்சுவரும் சந்திக்கும் குறுகிய கோணத்தை உள் வால்வு என்கிறார்கள். ஐரோப்பியரின் மூக்குகளில் இது சாதாரணமாக 10 முதல் 15 டிகிரி; அகன்ற மூக்குகளில் கூடுதலாக இருக்கும். நாம் மூச்சை இழுக்கும்போது காற்று சந்திக்கும் மொத்தத் தடையில் பாதிக்கு மேல் மூக்கில்தான் இருக்கிறது. அதிலும் பெரும்பங்கு இந்த இடுக்கில் இருக்கிறது. ஒழுங்கான வட்டக் குழாய் ஒன்றில் ஆரம் 10 சதவீதம் குறைந்தால் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் இருப்பதே காரணம். மூக்கு ஒழுங்கான குழாய் இல்லை, அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், இங்கே ஒரு மில்லிமீட்டருக்கு என்ன விலை என்பதை அது உணர்த்துகிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. குறுகிய இடத்தில் காற்று வேகமாக ஓடினால் அங்கே அழுத்தம் குறையும். சுவர் வலுவற்றதாக இருந்தால் உள்ளே இழுக்கப்படும். பலமாக மூச்சு இழுக்க இழுக்க வழி மூடுவதும், படியேறும்போது என் தங்கைக்கு நடந்ததும் இதனால்தான்.

விரலும் நிழலும்

பிறகு நாங்கள் சந்தித்த மருத்துவர் காது மூக்கு தொண்டைத் துறையில் படித்து, அதன்பின் முக அறுவையில் தனிப்பயிற்சி பெற்றவர். உள்ளே நுழைந்த எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து என் தங்கையின் விரலைப் பார்த்தார். கன்னத்தில் விரலை வைத்து இழுத்தபடிதான் அவள் உட்கார்ந்திருந்தாள். “எவ்வளவு நாளாக இப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டார். அவளுக்குக் கேள்வி புரியவில்லை. “கையை எடுத்துவிட்டு மூச்சை இழுங்கள். இப்போது மறுபடி கன்னத்தை இழுத்துப் பிடித்து மூச்சை இழுங்கள். வித்தியாசம் தெரிகிறதா?” தெரிந்தது. கன்னத்தை இழுத்தால் மூக்கின் பக்கச்சுவர் வெளியே வந்து வால்வு திறக்கிறது. இது மாரிஸ் காட்டில் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் வழங்கும் சோதனை. யாரும் சொல்லித் தராமல் அவள் உடம்பே அதைக் கண்டுபிடித்து, மாதக்கணக்காகச் செய்துகொண்டிருந்தது.

மருத்துவர் அதோடு நிறுத்தவில்லை. கன்னத்தை இழுத்தால் சரியான மூக்கிலும் கொஞ்சம் காற்று கூடத்தான் செய்யும், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்றார். சவ்வைச் சுருங்க வைக்கும் மருந்தை உள்ளே தெளித்துக் காத்திருக்கச் சொன்னார். அதன்பின்னும் சிரமம் குறையவில்லை, ஆகவே கோளாறு சவ்வில் இல்லை. பிறகு, நுனியில் சிறு வளையம் கொண்ட மெல்லிய கருவி ஒன்றை நாசிக்குள் நுழைத்து, பக்கச்சுவரின் ஓர் இடத்தில், வெளியே தள்ளாமல், உள்ளே விழாதபடி மட்டும் தாங்கிப் பிடித்தார். “இப்போது இழுங்கள்.” அவள் இழுத்தாள். கருவியை உள்ளே வைத்துக்கொண்டு தலையை அசைக்க முடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, “அக்கா, காத்து போகுது” என்றாள். அவளது குரலில் இருந்த வியப்பை என்னால் மறக்க முடியாது. மில்லிமீட்டர் கணக்கில் ஒரு தாங்கல். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அடுத்து அவர் செய்ததுதான் என் கேள்விக்கு விடை சொன்னது. எதிரே இருந்த விளக்கை அணைத்துவிட்டு, தலைக்கு மேலிருந்த விளக்கை மட்டும் போட்டார். அந்த வெளிச்சத்தில் என் தங்கையின் மூக்கின்மேல், எலும்பு முடியும் இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் இறங்கும் ஒரு நிழல் தெரிந்தது: கவிழ்த்துப் போட்ட ‘வி’ எழுத்து. எதிரிலிருந்து ஒளி பாய்ச்சி எடுத்த படங்களில் அது மறைந்துபோயிருந்தது. அந்த நிழல், எலும்புக்குக் கீழே குருத்தெலும்பு உள்ளே சாய்ந்துவிட்டதன் வெளி அடையாளம். மூச்சை அடைத்தது எதுவோ அதுவேதான் வடிவத்தையும் கெடுத்திருந்தது. அறுவைக்கு முந்தைய படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். எலும்புப் பகுதி குட்டையாகவும் குருத்தெலும்புப் பகுதி நீளமாகவும் இருக்கும் மூக்கு, மெல்லிய தோல், ஒடுங்கிய நடுப்பகுதி. இத்தகைய மூக்கில் மேட்டைச் சீவினால் நடுக்கூரை சரியும் வாய்ப்பு மிகுதி என்பது மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தடுக்க, நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் இடையே மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளைச் செருகும் ஸ்பிரெடர் கிராஃப்ட் முறையை ஜாக் ஷீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1984லேயே விவரித்துவிட்டார். பக்கக் குருத்தெலும்பின் மேல் விளிம்பையே உள்பக்கமாக மடித்து அதே வேலையைச் செய்ய வைக்கும் முறையும் உண்டு. கூரையைத் தொடாமல், கீழே நடுச்சுவரில் ஒரு பட்டையை எடுத்துவிட்டு மொத்த முகட்டையும் இறக்குகிற பழைய முறை ஒன்றும் அண்மை ஆண்டுகளில் மீண்டும் பரவலாகி வருகிறது. அது எல்லா மூக்குக்கும் ஒத்துவராது. மேடு ஓரளவு திரும்ப எழவும் கூடும். எந்த முறை என்பது மருத்துவரின் தேர்வு. மேட்டை எடுத்தபின் கூரையை எப்படி நிறுத்துவது என்ற கேள்வி மட்டும் தேர்வுக்குரியது ஆகாது. அது அந்த அறுவையின் பாதி.

இதன் மறுபக்கமும் உண்மை. வளைந்த செப்டத்தை நேராக்க, மூச்சுக்காக மட்டும் அறுவைக்குப் போகிறவர்களிடம் வடிவம் மாறலாம் என்று பல நேரங்களில் யாரும் சொல்வதில்லை. நடுச்சுவரில் குருத்தெலும்பை எடுக்கும்போது மேலேயும் முன்னேயும் ஒரு சென்டிமீட்டர் அளவாவது விட்டுவைக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அதை மீறினால் முகடு சேணம்போலக் குழியும். நுனியை மெலிதாக்க அங்குள்ள குருத்தெலும்பை மிகுதியாக வெட்டினால், சில ஆண்டுகளில் நாசி மடல்கள் மேலே இழுபட்டோ உள்ளே ஒடுங்கியோ போகும், மூச்சும் அதோடு குறையும். கண்ணுக்கு உறுத்தும் பழுதும் மூச்சுக்கு உறுத்தும் பழுதும் மீண்டும் மீண்டும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

எதைக் கொண்டு அளப்பது

அப்படியானால் மூச்சை அளந்துவிடலாமே என்று தோன்றும். ரைனோமானோமெட்ரி போன்ற கருவிகள் காற்றின் தடையை அளக்கின்றன. ஆனால் கருவி சொல்லும் எண்ணும் மனிதர் உணரும் சுகமும் பல நேரங்களில் ஒத்துப்போவதில்லை. காற்று போகிறது என்ற உணர்வை நமக்குத் தருவது பெரும்பாலும் சவ்வு குளிர்வதுதான்; குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகள் அங்கே இருக்கின்றன. மெந்தால் நுகர்ந்தால் வழி துளியும் அகலாமலே மூச்சு திறந்ததுபோல் இருப்பதன் காரணம் அதுவே. இதற்கு நேரெதிராக, உள்ளே இருக்கும் டர்பினேட் மடிப்புகளை மிகுதியாக வெட்டிவிட்டால், வழி அகலமாகத் திறந்திருந்தும் மூச்சே போகாததுபோல் சிலர் வாழ்நாள் முழுதும் தவிக்கிறார்கள். போதாக்குறைக்கு, பெரும்பாலோருக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நாசி அடைத்து மறு நாசி திறப்பது இயல்பாக நடந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை அளந்துவிட்டு முடிவு சொல்ல முடியாது.

ஆகவே மூக்குக்கு உரியவரையே கேட்பது தவிர வேறு வழியில்லை. 2004இல் வெளியான நோஸ் அளவுகோல் ஐந்தே கேள்விகள் கொண்டது: அடைப்பு உணர்வு, முழு அடைப்பு, மூச்சு விடும் சிரமம், தூக்கம், உழைப்பின்போது போதிய காற்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டி ஐந்தால் பெருக்கினால் 100க்கு இத்தனை என்று வரும். எண் கூடக் கூடச் சிரமம் அதிகம். 2018இல் வந்த ஷ்நோஸ் என்ற கேள்வித்தாள் மூச்சுக்கு நான்கு, தோற்றத்துக்கு ஆறு என்று பத்துக் கேள்விகளையும் ஒரே தாளில் வைக்கிறது. இரண்டையும் ஒரே தாளில், ஒரே மனிதரிடம் கேட்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது. முதல் அறுவைக்கு முன் என் தங்கையிடம் இவற்றில் ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பழைய மூக்கு எப்படி மூச்சு விட்டது என்பதற்காவது ஒரு பதிவு இருந்திருக்கும். இரண்டாவது மருத்துவரிடம் போனபோது அவளது நோஸ் மதிப்பெண் 80.

மறு அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அந்த மருத்துவர் எதை இழக்க வேண்டியிருக்கும் என்பதை வரிசையாகச் சொன்னார். பட்டைகளைச் செருகினால் முகட்டின் நடுப்பகுதி சற்று அகலும். வடுத் திசுவுக்குள் வேலை செய்வதால் வீக்கம் முன்னைவிட மெதுவாகவே வடியும். நடுச்சுவரில் குருத்தெலும்பு போதுமான அளவு மிஞ்சியிருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காதிலிருந்தோ விலாவிலிருந்தோ எடுக்க வேண்டும், விலாக் குருத்தெலும்பு பின்னாளில் வளையும் இயல்புடையது. முன்பிருந்த மூக்கை அப்படியே திருப்பித் தர முடியாது என்பதையும் மழுப்பாமல் சொன்னார். வெளியான ஆய்வுகளில் மறு அறுவை தேவைப்படுவோர் விகிதம் பெரும்பாலும் 5 முதல் 15 சதவீதம் என்று வருகிறது. அந்த எண்ணிக்கைக்குள் ஒருவராக இருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த அறையில் நாங்கள் கண்டோம்.

நடுச்சுவரில் குருத்தெலும்பு மிஞ்சியிருந்தது. மறு அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பிறகு அவளது மதிப்பெண் 20. வாயை மூடித் தூங்குகிறாள். விரல் கன்னத்துக்குப் போவதில்லை. எதிரிலிருந்து பார்த்தால் மூக்கின் நடுப்பகுதி முன்னைவிட அகலம்தான். மேலே விளக்கு எரியும் இடத்தில் அந்த நிழல் இல்லை. நுனி இன்னமும் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, சிரிக்கும்போது முன்போல அசைவதில்லை. “முன்ன இருந்ததுதான் எடுப்பா இருந்தது” என்று சித்தி முகத்துக்கு நேரே சொன்னார். “அந்த மூக்குல நான் தூங்கவே இல்ல சித்தி” என்றாள் அவள்.

இப்போது இந்த அறுவையை எண்ணுகிறவர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். கைபேசியை நெருங்கப் பிடித்து எடுத்த படத்தை வைத்து மூக்கின் அளவை முடிவு செய்ய வேண்டாம் என்று முதலில் சொல்கிறேன். ஓரடித் தொலைவில் எடுத்தால் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018இல் ஒரு கணக்கீடு வெளிவந்தது. பிறகு, மேட்டை எடுத்தபின் கூரையை எப்படி நிறுத்துவீர்கள் என்று மருத்துவரிடம் நேராகக் கேட்கச் சொல்கிறேன். பதில் சொல்லத் தெரிந்தவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். அறுவை செய்பவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த இணைப்படத்துக்குக் கீழே முன் மதிப்பெண், ஓராண்டுக்குப் பின் மதிப்பெண் என்று இரண்டு எண்களையும், மேலிருந்து ஒளி விழும்படி எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து வையுங்கள். என் தங்கைக்கு மறு அறுவை செய்தவர் தன்னிடம் வரும் எல்லோருக்கும் இதைச் செய்கிறார். கேள்வித்தாளை நிரப்பி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை.